ஏலத்தில் வீடு எடுக்கலாமா? திரையில் வராத கணக்கு

கேள்வி: என் கணவருக்கு வயது 41. நூற்பாலையில் மேற்பார்வையாளர். மாதம் 38,000 ரூபாய் கைக்கு வருகிறது. சேமிப்பு 9 லட்சம் இருக்கிறது. ஓராண்டாக இரவு நேரங்களில் 'ஸ்டோரேஜ் வார்ஸ்' என்ற அமெரிக்க ஏல நிகழ்ச்சியைக் கைப்பேசியில் பார்க்கிறார். "அவர்கள் அடிமாட்டு விலைக்கு எடுத்து லாபம் பார்க்கிறார்கள், நம்மால் ஏன் முடியாது?" என்று கேட்டு, வங்கி ஏலத்துக்கு வந்திருக்கும் ஒரு வீட்டை எடுக்கத் துடிக்கிறார். குறைந்தபட்ச விலை 32 லட்சம். வெளிச்சந்தையில் 45 லட்சம் போகும் என்கிறார். ஏலத்தில் கலந்துகொள்ள முன்வைப்புத் தொகை 3.2 லட்சம் கட்ட வேண்டும். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. ஏல அறிவிப்பை இணைத்திருக்கிறேன். கட்டலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: சகோதரி, இந்த வீட்டுக்கு அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம். உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

முதலில் அந்த நிகழ்ச்சி. 2010 டிசம்பரில் தொடங்கியது. கலிஃபோர்னியாவில், சாமான் போட்டுவைக்க வாடகைக்கு எடுத்த அறைக்கு மூன்று மாதம் பாக்கி வைத்தால், உள்ளே இருப்பதை அப்படியே ஏலம் விடுவார்கள். பூட்டை வெட்டிக் கதவைத் திறந்ததும், வாசலில் நின்றபடி ஐந்து நிமிடம் பார்க்கலாம். உள்ளே கால் வைக்கக் கூடாது. பிறகு ஏலம். நிகழ்ச்சி முடியும்போது ஒவ்வொருவருக்கும் எவ்வளவு லாபம் என்று திரையில் ஒரு தொகை வரும். உங்கள் கணவரை ஈர்த்தது அந்தத் தொகைதான் என்று நினைக்கிறேன். ஆனால் அது பெரும்பாலும் பொருள்களுக்குப் போடப்பட்ட மதிப்பீடு. விற்றுக் கையில் வாங்கிய பணம் அல்ல. லாரி வாடகை, கூலி, விற்காமல் தங்கிய சாமான் எதுவும் அந்தக் கணக்கில் முழுதாக வராது. விலை உயர்ந்த பொருள்களைத் தயாரிப்பாளர்களே அறைகளில் வைக்கிறார்கள் என்று, அதில் பங்கேற்ற டேவ் ஹெஸ்டரே 2012இல் வழக்குத் தொடுத்தார். 2014இல் அது சமரசத்தில் முடிந்தது. ஆகவே உண்மை எது என்று தீர்ப்பு எதுவும் வரவில்லை. உங்கள் கணவரும் '45 லட்சம் போகும்' என்ற மதிப்பீட்டைத்தான் லாபமாக எண்ணுகிறார். அந்த விலைக்கு வாங்க ஆள் வந்து முன்பணம் கொடுக்கும்வரை அது வெறும் எண்.

இனி உங்கள் கணக்கு. ஏலம் 33 லட்சத்தில் படிகிறது என்று வைத்துக்கொள்வோம். கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை வங்கி ஏலம் விட வழிசெய்யும் சர்ஃபாசி சட்ட விதிகளின்படி, அன்றே அல்லது அடுத்த வேலை நாளுக்குள் 25 சதவீதம், அதாவது 8.25 லட்சம் கட்டியாக வேண்டும். முன்வைப்புத் தொகையும் இதில் அடக்கம். ஒரே நாளில் உங்கள் 9 லட்சத்தில் 75,000 மட்டும் மிஞ்சும். பதிவுச் செலவு, பழைய சொத்து வரி, மின் கட்டண பாக்கி, வெள்ளையடிப்பு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காது.

மீதி 24.75 லட்சத்தை, விற்பனை உறுதியான நாளிலிருந்து 15 நாளுக்குள் கட்ட வேண்டும். வங்கி எழுத்துமூலம் ஒப்புக்கொண்டால் அதிகபட்சம் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். அதை உரிமையாகக் கேட்க முடியாது. அந்தத் தொகையைக் கடனாக வாங்கினால், 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 21,500 ரூபாய். 38,000 சம்பளத்தில் பாதிக்கும் மேல். இந்தச் சம்பளத்துக்கு இவ்வளவு கடன் கிடைப்பதே கடினம். கிடைக்காவிட்டால் கட்டிய 8.25 லட்சமும் போய்விடும். இது வெறும் மிரட்டல் அல்ல. இப்படிப் பறிபோன 25 சதவீதத் தொகையைத் திருப்பித் தரச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கடன் கிடைக்கவில்லை என்ற காரணம் அங்கே எடுபடவில்லை.

நீங்கள் அனுப்பிய அறிவிப்பைப் பெரிதாக்கிப் படித்தேன். பொடி எழுத்தில் இரண்டு இடங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, 'எங்கே உள்ளதோ அங்கே, எப்படி உள்ளதோ அப்படியே' என்ற வரி. வில்லங்கமோ பாக்கியோ இருந்தால் அது வாங்குபவர் தலையில் என்று பொருள். மற்றது, சொத்து விவரத்துக்குக் கீழே 'குறியீட்டு சுவாதீனம்' என்ற சொல். அதாவது, வீடு காகிதத்தில்தான் வங்கி வசம்; சாவி இன்னும் வங்கியிடம் இல்லை. கடன் வாங்கியவரோ குடித்தனக்காரரோ உள்ளே இருக்கலாம். அவர்களை வெளியேற்ற வங்கி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ போக வேண்டும். கடன்காரர் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டால் இன்னும் இழுக்கும். அதுவரை நீங்கள் வீட்டு வாடகையும் கட்டுவீர்கள், தவணையும் கட்டுவீர்கள். என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இந்த ஒரு சொல்தான். பணம் இருப்பவர்களுக்கும் இந்த வீட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வங்கி ஏலமே கூடாது என்று நான் சொல்லவில்லை. நேரடி சுவாதீனத்தில் உள்ள, அதாவது சாவி வங்கியின் கையிலேயே இருக்கும், 20 லட்சத்துக்குள் அடங்கும் வீடு வந்தால் பார்க்கலாம். முன்வைப்புத் தொகை கட்டுவதற்கு முன்பே கடன் ஒப்புதல் கடிதம் கையில் இருக்க வேண்டும். 30 ஆண்டு வில்லங்கச் சான்று எடுத்து வழக்கறிஞரிடம் காட்டுங்கள். 9 லட்சத்தில் 3 லட்சத்தை மகளின் படிப்புக்கும் அவசரத்துக்கும் வேறு கணக்கில் தனியே வைத்துவிடுங்கள். ஏலத்துக்கு அதைத் தொடவே கூடாது.

உங்கள் கணவரிடம் இதைச் சண்டையாகப் பேச வேண்டாம். குடும்பத்துக்கு ஒரு சொந்த வீடு வேண்டும் என்றுதான் அவர் அலைகிறார். ஒரு நாள் மாலை ஆறரை மணிக்கு இருவரும் அந்தத் தெருவுக்குப் போய் வாருங்கள். வீட்டுக்குள் விளக்கு எரிகிறதா, கொடியில் துணி காய்கிறதா என்று அவரே பார்க்கட்டும்.