வளைவில் கத்தும் வேன், மழையில் அடங்கும் கார்

ஹட்டன் பக்கம் கராஜ் வைத்திருக்கும் நம் பாஸ், வாசகர்களின் வாகனக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி எஞ்சினில் ஓடும் ஃபேன் பெல்ட்டின் சத்தம் பற்றியவை.

கேள்வி: அண்ணே, நான் நோர்வூட்டிலிருந்து ஹட்டனுக்கு ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். பழைய டீசல் டொல்பின். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் 'கிரீச்ச்...' என்று கத்தும், கொஞ்சத் தூரம் ஓடியதும் நின்றுவிடும். அப்புறம் வளைவுகளில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மறுபடி கத்தும். புது பெல்ட் போட்டும் ஒரு மாதத்தில் பழைய கதைதான். சவர்க்காரம் தேய்க்கச் சொன்னார்கள், தேய்த்தேன், இரண்டு நாள் அமைதி. லயத்துத் தாய்மார்கள் இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பிள்ளைகளை ரோட்டுக்கு அனுப்புகிறார்கள். மானம் போகிறது. என்ன செய்யலாம்?
— ஒரு சாரதி, நோர்வூட்

பதில்: தம்பி, தாய்மாருக்கு ஹோர்ன் அடித்துச் சொல்லிக்கொள்ளலாம், அதற்கு பெல்ட் வேண்டாம். சவர்க்காரக் கட்டியை இன்றே வேனிலிருந்து இறக்கிவிடுங்கள். சவர்க்காரம், மெழுகுதிரி, கடையில் விற்கும் பெல்ட் ஸ்ப்ரே எல்லாம் ஒரே ரகம்தான். அதுவரை சத்தம் போட்டு வழுக்கிய பெல்ட், இனி சத்தம் போடாமல் வழுக்கும். அந்தப் பிசுக்கில் ரோட்டுத் தூசி ஒட்டி பெல்ட்டையும் அது ஓடும் சக்கரமான புல்லியையும் சேர்த்துத் தின்னும்.

உங்கள் கடிதத்தில் இரண்டு சத்தம் இருக்கிறது. காலைச் சத்தம் வேறு, வளைவுச் சத்தம் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்ததால்தான் ஒரு பெல்ட்டை மாற்றிவிட்டு ஏமாந்து நிற்கிறீர்கள்.

காலைச் சத்தத்துக்கு நம் ஊர்க் குளிரும் ஒரு காரணம். இரவெல்லாம் மிஸ்ட்டில் நின்ற வேனில் பெல்ட்டும் புல்லியும் ஈரமாக இருக்கும், ரப்பர் இறுகியிருக்கும். அதற்கு மேல் ஹீட்டர் ப்ளக்கும் ஸ்டார்ட்டரும் பெட்டரியிலிருந்து ஒரு பெரிய வாய் அள்ளியிருக்கும். எஞ்சின் பிடித்த உடனே, பெல்ட்டில் சுற்றி கரண்ட் கொடுக்கும் ஓல்டர்னேட்டர் அதைத் திருப்பி நிரப்பப் பார்க்கிறது. ஓல்டர்னேட்டர் எவ்வளவு கரண்ட் கொடுக்கிறதோ அவ்வளவுக்கு அதைச் சுற்றுவது பாரம். லூசான பெல்ட் அந்தப் பாரத்தில் வழுக்கிக் கத்தும். கொஞ்ச நேரத்தில் பெட்டரியின் பசி குறையும், ரப்பர் சூடாகும், சத்தம் நிற்கும். நின்றுவிட்டது என்பதற்காக விட்டுவிடாதீர்கள். பெட்டரியையும் ஒரு தடவை பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் நல்ல பெட்டரி, 12.2 என்றால் பாதிதான் மிச்சம். எஞ்சின் ஓடும்போது 14க்குக் கிட்ட வர வேண்டும். பலமில்லாத பெட்டரி தினமும் காலையில் பெல்ட்டைக் கத்த வைக்கும்.

வளைவுச் சத்தம் ஸ்டியரிங் பம்ப்பிலிருந்து வருகிறது. ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்துப் பிடித்தால் பம்ப்பில் எண்ணெய் அழுத்தம் உச்சத்துக்குப் போகும், பம்ப்பைச் சுற்றுகிற பெல்ட்டின் மேல் அத்தனை பாரமும் விழும். கொழும்பில் ஓடும் வேனுக்கு இந்த வேலை எப்போதாவதுதான். டிக்கோயா ரோட்டில் ஒரு டிரிப்பில் எத்தனை வளைவு என்று உங்களுக்கே தெரியும்.

எது எது என்று வீட்டு வாசலிலேயே பிரித்துப் பார்க்கலாம். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சமதரை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள், அதனால்தான் கட்டை. நியூட்ரலில் எஞ்சின் ஓடட்டும். ஹெட்லைட், வைப்பர், ப்ளோவர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுங்கள். அப்போது கத்தினால் ஓல்டர்னேட்டர் பக்கம். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கை ஒரு பக்கம் கடைசி வரை ஒடியுங்கள். இரண்டு மூன்று விநாடிக்கு மேல் பிடித்து வைக்க வேண்டாம், பம்ப் கொதித்துப்போகும். அப்போது கத்தினால் பம்ப் பக்கம்.

புது பெல்ட் ஏன் ஒரு மாதத்தில் கெட்டது? டொல்பினில் முன் சீட்டைத் தூக்கினால் எஞ்சின் தெரியும். எஞ்சினை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டோர்ச் அடித்து புல்லியின் பள்ளத்துக்குள் பாருங்கள். ஆங்கில வி எழுத்து மாதிரி கீழே குறுகிய வி பெல்ட் பிடிப்பது அதன் இரண்டு பக்கத்தாலும்தான், அடிப்பாகம் பள்ளத்தின் தரையைத் தொடவே கூடாது. பள்ளத்தின் தரை கண்ணாடி மாதிரி மினுங்கினால் பெல்ட் கீழே இறங்கி உட்கார்ந்து ஓடுகிறது என்று அர்த்தம். ஒன்று புல்லியின் சுவர் தேய்ந்து குழிந்திருக்கும், அல்லது அகலம் குறைந்த பெல்ட்டைக் கொடுத்திருப்பார்கள். தேய்ந்த புல்லியில் எத்தனை புது பெல்ட் போட்டாலும் கடைக்காரருக்குத்தான் லாபம்.

பெல்ட்டுக்கு மேலே ஏதாவது ஒழுகுகிறதா என்றும் பாருங்கள். ஸ்டியரிங் ஹோஸின் மூட்டு, எஞ்சின் மூடி பேக்கிங், ரேடியேட்டர் தண்ணீர் ஹோஸ் இந்த மூன்றும்தான் வழக்கமான குற்றவாளிகள். எண்ணெய் குடித்து உப்பிய பெல்ட்டைக் கழுவிப் போட்டுப் பயனில்லை. ஒழுக்கை அடைத்து, புல்லியைத் துடைத்து, பெல்ட்டை மாற்றுங்கள். ஒரே புல்லியில் இரட்டை பெல்ட் ஓடினால் இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும். ஒன்று மட்டும் புதிது என்றால் பாரமெல்லாம் அதன் தலையில்.

இறுக்கும்போது ஓல்டர்னேட்டரின் கீழ்ப் போல்ட்டையும் மேலே பட்டையில் உள்ள போல்ட்டையும் தளர்த்தி, அட்ஜஸ்ட் போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். அலவாங்கைக் கொடுத்து நெம்பாதீர்கள், ஓல்டர்னேட்டர் உடம்பு அலுமினியம், வெடித்துவிடும். இரண்டு புல்லிக்கு நடுவில் பெருவிரலால் நன்றாக அமுக்கினால், 10 கிலோ எடை வைத்த மாதிரியான அழுத்தம், பெல்ட் சுமார் 10 மில்லிமீற்றர் இறங்க வேண்டும். அசையவே அசையாதபடி இறுக்கினால் சத்தம் நிற்கும், ஆனால் ஓல்டர்னேட்டர் பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் செலவு வைக்கும். புது வி பெல்ட் ஓடத் தொடங்கியதும் கொஞ்சம் நீண்டு பள்ளத்தில் அமரும். போட்ட அன்றே கால் மணி நேரம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது இறுக்கலைத்தான் நம் கராஜ்களில் அதிகம் பேர் செய்வதில்லை. உங்கள் பெல்ட்டுக்கும் அதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம்.

இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் சத்தம் இல்லை, பிரேக். பெட்ரோல் எஞ்சினுக்கு அது உறிஞ்சும் காற்றிலேயே பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்கு வேண்டிய வெக்யூம், அதாவது உறிஞ்சு விசை, கிடைத்துவிடும். டீசலுக்கு அது கிடையாது, தனியாகப் பம்ப் வேண்டும். உங்கள் மாதிரிப் பழைய டீசல் வேன்களில் அந்தப் பம்ப் ஓல்டர்னேட்டரின் முதுகில்தான் உட்கார்ந்திருக்கிறது. பெல்ட் அறுந்தால் பெட்டரி சார்ஜ் நிற்கும், தண்ணீர் சுற்றாது, அதோடு பிரேக் பூஸ்டரும் போகும். பிரேக் இல்லாமல் போகாது, ஆனால் இரண்டு மூன்று மிதிக்கு மேல் பெடல் இறுகிவிடும், முழு உடம்பையும் கொடுத்து மிதிக்க வேண்டி வரும். வட்டவளை தாண்டிக் கினிகத்தேனைக்கு இறங்கும்போது, பின்னால் பிள்ளைகள் இருக்கும்போது, இது நடக்கக் கூடாது. இறக்கத்தில் பெட்டரி விளக்கு திடீரென்று எரிந்தால் விட்டு விட்டு மிதித்து வெக்யூமைச் செலவழிக்காதீர்கள். கியரைக் குறைத்து, ஒரே மிதியாக மிதித்து, ஓரம் கட்டுங்கள். பெல்ட் இல்லாமல் "அடுத்த டவுன் வரைக்கும்" என்று ஓட்டவும் வேண்டாம். ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து சிலிண்டர் ஹெட் போனால் அந்தச் செலவில் ஒரு கூடை பெல்ட் வாங்கலாம்.

கேள்வி: பாஸ், என்னிடம் ஒரு சின்ன ஜப்பான் கார் இருக்கிறது. ஸ்லோவில் நிற்கும்போது 'கீச் கீச் கீச்' என்று விட்டு விட்டுச் சத்தம். வேடிக்கை என்னவென்றால் நல்ல மழையில் ஓட்டினால் சத்தமே இல்லை, காய்ந்ததும் திரும்ப வருகிறது. கராஜில் ஓல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். செலவைக் கேட்டதும் தலை சுற்றுகிறது.
— ஓர் ஆசிரியை, பண்டாரவளை

பதில்: டீச்சர், மழை உங்களுக்கு ஒரு டெஸ்ட் செய்து கொடுத்திருக்கிறது. கராஜில் அதைக் கேட்டார்களா தெரியவில்லை.

உங்கள் காரில் இருப்பது ரிப் பெல்ட், உள்பக்கம் நீளவாட்டில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும் அகலமான பெல்ட். அது ஏதோ ஒரு புல்லிக்குள் நேராக நுழையாமல் சாய்ந்து நுழைந்தால், ஒவ்வொரு வரியும் பள்ளத்தின் ஓரத்தில் உரசி உரசிக் கீச்சிடும். தண்ணீர் பட்டால் உரசல் வழுவழுப்பாகி அடங்கும். லூசான பெல்ட் இதற்கு நேர் எதிர், தண்ணீர் பட்டால் இன்னும் வழுக்கி இன்னும் பெரிதாகக் கத்தும். வெயில் நாளில் போத்தல் மூடியில் ஊசித்துளை போட்டு, தூரத்தில் நின்று, ஓடும் பெல்ட்டின் வரியுள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சச் சொல்லுங்கள். சத்தம் குறைந்தால் புல்லி வரிசை நேரில்லை. கூடினால் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் இறுக்கம் போதாது. இதைச் செய்பவர் கழுத்து மஃப்ளரையும் சால்வையையும் கழற்றி வைத்துவிட்டுக் குனியட்டும். குளிரில் கழுத்தில் சுற்றியதோடு ஓடும் எஞ்சினுக்கு மேல் குனிபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

உங்கள் விஷயத்தில் வரிசை நேரில்லை என்றே நினைக்கிறேன். அண்மையில் ஏதாவது கழற்றிப் பூட்டினார்களா என்று யோசித்துப் பாருங்கள். ஏசி கம்ப்ரஸர், வாட்டர் பம்ப், எதுவாகவும் இருக்கலாம். வேறு மொடலின் ரெக்கண்டிஷன் சாமான் போட்டு புல்லி ஒரு நூல் முன்னால் நிற்கலாம், பிராக்கெட்டில் ஒரு போல்ட் இல்லாமல் இருக்கலாம். இன்னும் சின்னக் காரணமும் உண்டு. பெல்ட் ஒரு பள்ளம் தள்ளி உட்கார்ந்து, ஒரு வரி வெளியே தொங்கிக்கொண்டு ஓடும். பக்கவாட்டில் டோர்ச் அடித்தால் தெரிந்துவிடும். பள்ளத்தில் பொடிக்கல் சிக்கியிருந்தாலும் இதே சத்தம்தான்.

ஓல்டர்னேட்டரைச் சந்தேகித்தால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கரகரவென்று கைக்குத் தட்டுப்படுவதும், ஆட்டினால் ஆடுவதும்தான் கெட்டது. சில ஓல்டர்னேட்டர்களில் ஒரு பக்கமாகச் சுற்றும்போது மட்டும் பிடிக்கும் புல்லி இருக்கும், அது இறுகிப்போனாலும் கீச்சிடும். அப்போதும் புல்லியை மட்டும் மாற்றலாம். இதையெல்லாம் பார்க்காமல் முழு ஓல்டர்னேட்டருக்கு விலை சொல்லும் இடத்தில் காரை விடாதீர்கள்.

கேள்வி: கொழுந்து லொறி. தண்ணீர் ஊற்றியும் பார்த்தாயிற்று, சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. 'கொரகொர' என்று ஆரம்பித்து ரேஸ் பண்ணினால் ஊளையிடுகிறது.
— மஸ்கெலியா வாசகர்

பதில்: தண்ணீருக்கு மசியாத சத்தம் பேரிங் சத்தம். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை ஓல்டர்னேட்டர் உடம்பிலும், அப்புறம் வாட்டர் பம்ப் உடம்பிலும் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். ஃபேனுக்குக் கிட்டே போகாமல், சுற்றாத பாகத்தில் மட்டும். குற்றவாளி தானே பேசுவான். வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதிலிருந்து தண்ணீர் வடிந்த கறை தெரிந்தால் பம்ப்பை மாற்றுங்கள். பேரிங் முழுதாக உடைந்தால் ஃபேன் ரேடியேட்டரில் போய் அடிக்கும்.

கேள்வி: என்னுடைய அக்குவா ஹைபிரிட்டுக்கு ஃபேன் பெல்ட் எத்தனை கிலோமீற்றரில் மாற்ற வேண்டும்?
— வெலிமடை வாசகர்

பதில்: மாற்ற வேண்டாம், அதில் பெல்ட்டே கிடையாது. வாட்டர் பம்ப், ஏசி, ஸ்டியரிங் எல்லாமே கரண்டில் ஓடுகிறவை. 2009இல் வந்த பிரியஸும் அப்படித்தான். யாராவது பெல்ட் மாற்றியதாக பில் கொடுத்திருந்தால் அதை எனக்கும் அனுப்புங்கள், கராஜில் ஒட்டி வைக்க வேண்டும்.

கேள்வி: பெல்ட்டில் 6பிகே1230 என்று போட்டிருக்கிறது. கடையில் 1240தான் இருக்கிறது, போடலாமா? கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய பெல்ட் எடுப்பது பற்றி என்ன நினைக்கிறீர்கள்?
— தலவாக்கலை வாசகர்

பதில்: 6 என்பது வரிகளின் எண்ணிக்கை, பிகே என்பது வரியின் அளவு, 1230 என்பது மில்லிமீற்றரில் நீளம். வரி ஒன்றுக்கு 3.56 மில்லிமீற்றர், ஆகவே ஆறு வரி பெல்ட் 21 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூட அகலம் இருக்கும். எழுத்து அழிந்திருந்தால் வரிகளை எண்ணி அளந்து பார்த்துக் கேட்கலாம். போல்ட் திருகி இறுக்கும் வண்டியில் 10 மில்லிமீற்றர் கூடுதல் நீளத்தைச் சமாளித்துவிடலாம். ஸ்பிரிங் டென்ஷனர் உள்ள வண்டியில் அதன் கை அடையாளக் கோட்டைத் தாண்டிப்போகும், வேண்டாம்.

பஞ்சிகாவத்தைக்குப் போய் புல்லி, பிராக்கெட், டென்ஷனர் கை எடுங்கள், நானும் எடுப்பேன். பெல்ட் மட்டும் புதிதாக வாங்குங்கள். இப்போது வரும் ரிப் பெல்ட்டின் ரப்பர் பழையது மாதிரி வெடித்துக் காட்டாது, வரிகளுக்கு நடுவே உள்ள பள்ளம் மெல்ல மெல்லத் தேய்ந்து அகலமாகும். பார்வைக்குப் புதிது மாதிரியே இருக்கும். கழற்றிய பெல்ட் இன்னும் ஓடும் நிலையில் இருந்தால் எறிந்துவிடாமல், ஒடித்து மடக்காமல் வளையமாகச் சுருட்டி, அதைப் போடத் தேவையான ஸ்பேனரோடு சீட்டுக்குக் கீழே வையுங்கள். இறம்பொடையில் இரவு எட்டு மணிக்கு பெல்ட் அறுந்தால் பஞ்சிகாவத்தை திறந்திருக்காது.