பாலக்கோட்டுத் தம்பிக்கு, அரூரிலிருந்து

தம்பி, நீங்கள் கேட்டது இது: "அக்கா, நான் பாலக்கோடு. ஹூஸ்டனுக்கு வந்து மூணு மாசம்தான் ஆச்சு. மெக்சிகோ வளைகுடாவுக்குள்ள ஒரு புயல் வருதாம். கூடத் தங்கியிருக்கிற ஒருத்தர் ஐரோப்பிய மாடலைக் காட்டி, லூசியானா பக்கம் போயிடும்ங்கிறார். இன்னொருத்தர் அமெரிக்க மாடலைக் காட்டி, நேரா நமக்குத்தான்ங்கிறார். ஊர்லேருந்து அப்பா மணிக்கொரு தரம் போன் பண்றார். யாரை நம்புறது? கிளம்பிடட்டுமா, இருக்கட்டுமா?"

நான் இப்போது லீவில் அரூரில் அம்மா வீட்டில் இருக்கிறேன். வீட்டுக்காரரும் மகளும் ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் இருக்கிறார்கள். அதனால் அந்தப் புயலை உங்கள் அப்பாவைப் போல நானும் இங்கிருந்துதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதினைந்து வருஷத்துக்கு மேல் அங்கே ஜூன் முதல் நவம்பர் வரை வானத்தையும் செல்போனையும் மாறி மாறிப் பார்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். மாடல் என்பது புயல் எங்கே போகும் என்று கணினி போடும் கணக்கு. உங்கள் நண்பர்கள் வாதாடுவது அது வரைபடத்தில் போடும் பாதைக் கோட்டைப் பற்றி. நீங்கள் விசாரிக்க வேண்டியது தண்ணீரைப் பற்றி.

இதை நம் ஊர் உதாரணத்திலேயே சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடக்கிறது. நான் கேட்டியில் உட்கார்ந்து அந்தப் பாதைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடலூரில் இருக்கும் சித்திக்கு நாலு தடவை போன் போட்டேன். ஊத்தங்கரையில் இருக்கும் தங்கச்சியிடம், "உங்களுக்கு மழை மட்டும்தான், பயப்படாதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். புயல் கரையேறி புதுச்சேரியை ஒட்டி அப்படியே நின்றது. பிறகு வலுவிழந்தது. முடிந்தது என்று பலரும் டிவியை அணைத்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் அந்த மேகக் கூட்டம் மெதுவாக மேற்கே நகர்ந்து நம் தலையில் கொட்டியது. டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33. ஊத்தங்கரைக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கும் மேல் ஒரே நாளில். ஏரி வழிந்து, ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேன்கள் அடித்துக்கொண்டு போன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தங்கச்சி வீட்டில் தண்ணீர் கூடத்துக்கு வந்து, அறுவடை முடிந்து அடுக்கி வைத்திருந்த கேழ்வரகு மூட்டை எல்லாம் நனைந்து முளைவிட்டது. அவளுக்கு நான் சொன்ன "மழை மட்டும்தான்" என்ற வார்த்தை இன்னும் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

அதுவும் ஹூஸ்டனில் ஹார்வி புயலைக் கண்ணால் பார்த்த பிறகு அப்படிச் சொன்னேன். 2017 ஆகஸ்ட் 25 ராத்திரி ஹார்வி கரையைக் கடந்தது ராக்போர்ட் பக்கம். ஹூஸ்டனுக்கு நூற்றைம்பது மைலுக்கு மேல் தென்மேற்கே. பாதைக் கோட்டை மட்டும் பார்த்தவனுக்கு ஹூஸ்டன் தப்பித்தது. ஆனால் ஹார்வியும் ஃபெஞ்சல் போலவே நகராமல் நின்றது. நாலு நாள் மழை. நெடர்லாந்து என்ற ஊரில் மொத்தம் 60.58 அங்குலம், அதாவது 153 சென்டிமீட்டருக்கு மேல். ஹூஸ்டனுக்கு மேற்கே ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு வெள்ளத்தடுப்பு நீர்த்தேக்கங்கள் உண்டு. மழையில்லாத நாளில் பூங்காவும் விளையாட்டு மைதானமுமாக இருக்கும். அவை வேகமாக நிரம்பிவர, 28ஆம் தேதி திறந்துவிட்டார்கள். கீழே இருந்த தெருக்களில் தண்ணீர் ஏறியது. மேலே நீர்த்தேக்கத்தின் எல்லைக்குள்ளேயே வீடு கட்டியிருந்தவர்களுக்கும் ஏறியது. தங்கள் வீடு நீர்த்தேக்கத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது என்பதே அவர்களில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது. ஏரிக்குள் மனை போட்டு விற்றால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் தெருவில் தண்ணீர் வாசற்படி வரை வந்து நின்றது. நாலு தெரு தள்ளி ஆட்களைப் படகில் கொண்டுபோனார்கள்.

ஆகவே கோடு எங்கே போகிறது என்று கேட்பதோடு, எவ்வளவு வேகமாகப் போகிறது என்றும் கேளுங்கள். மணிக்கு இருபது மைலில் ஓடுகிற புயல் காற்றடித்துவிட்டுப் போய்விடும். மூன்று, நான்கு மைலில் தவழ்கிற புயல் ஊரையே முக்கிவிடும். புயலுக்கு 1 முதல் 5 வரை போடுகிற கேட்டகரி எண்ணும் காற்றின் வேகத்தை வைத்து மட்டும் போடுவது. மழைக்கும் கடல் ஏறுவதற்கும் அதில் இடமில்லை. 2008இல் ஐக் புயல் கால்வெஸ்டனில் கரையேறியபோது கேட்டகரி 2தான். பக்கத்தில் பொலிவர் தீபகற்பத்தில் ஊர் ஊராகத் துடைத்துக்கொண்டு போனது கடல் தண்ணீர். அதுவும் புயல் வருவதற்கு முந்தின நாளே ரோட்டில் ஏறிவிட்டது. காற்று வரட்டும், அப்புறம் கிளம்பலாம் என்று இருந்தவர்களுக்கு வழி அடைந்துபோனது. ஒகேனக்கல்லில் வானம் வெளுத்துக் கிடக்கும்போதே பரிசலுக்குத் தடை போடுவார்களே, அது மாதிரி. மழை பெய்தது வயநாட்டில், திறந்தது கபினியில், பிலிகுண்டுலுவைத் தாண்டி வருவது நமக்கு. அங்கே நின்று மேலே பார்த்து என்ன பயன்?

இப்போது அந்தக் கூம்பு. மயாமியில் இருக்கும் தேசிய ஹரிகேன் மையம் வெளியிடும் படத்தில் போகப் போக அகலமாகும் வெள்ளைப் பகுதி. புதிதாக வருகிற எல்லோரும் அதைப் புயலின் அளவு என்றே நினைக்கிறார்கள். கூம்புக்குள் இருந்தால் ஆபத்து, வெளியே இருந்தால் நிம்மதி என்று. அது புயலின் நடுப்புள்ளி போகக்கூடிய இடம் மட்டும்தான். கடந்த ஐந்து வருஷக் கணிப்புகளில் எவ்வளவு பிசகியது என்று பார்த்து, மூன்றில் இரண்டு பங்கு அடங்குகிற அளவுக்கு அகலம் வைக்கிறார்கள். அப்படியானால் மூன்றில் ஒரு பங்கு வெளியே போயிருக்கிறது என்றும் அர்த்தம். காற்றும் மழையும் நடுப்புள்ளியிலிருந்து நூறு, இருநூறு மைல் தள்ளியும் அடிக்கும். ஐந்தாம் நாளுக்கான புள்ளி சராசரியாக ஏறக்குறைய இருநூறு மைல் பிசகும். கோடியக்கரையில் கரையேறும் என்று சொன்னது சென்னையில் ஏறினால் எப்படியோ அப்படி. அந்தத் தூரத்தில் லூசியானாவும் டெக்சஸும் ஒன்றுதான் தம்பி.

மாடல் சண்டை வீண் என்று நான் சொல்லமாட்டேன். வானிலையில் ஆர்வமுள்ளவர்களை எனக்குப் பிடிக்கும். இங்கே பிரதீப் ஜான் எழுதுவதை அம்மா சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்பார். அதற்கு முன்னால் ரமணன் சாருக்காக டிவி முன் உட்கார்ந்த வீடு இது. அங்கேயும் அப்படிப்பட்டவர்கள் ராத்திரி முழுக்க விழித்து, ஒவ்வொரு மாடலும் புதுசாக வரும்போது ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அவர்கள் உண்மையில் வாதாடுவது இதுதான்: பெர்முடா பக்கம் உட்கார்ந்திருக்கும் உயரழுத்தம் எவ்வளவு தூரம் மேற்கே நீண்டிருக்கிறது? அமெரிக்காவுக்குக் குறுக்கே வருகிற தாழ்வு எப்போது வந்து புயலை வடக்கே இழுக்கும்? உயரழுத்தம் பலமாக இருந்தால் புயல் மெக்சிகோ, தென் டெக்சஸ் பக்கம் தள்ளப்படும். அது தளர்ந்தால் வடக்கே திரும்பும். ஒரு நாள் முன்பின் ஆனால் கரையேறும் ஊரே மாறிவிடும்.

2012இல் சாண்டி புயல் இடப்பக்கம் திரும்பி நியூ ஜெர்சிக்குள் நுழையும் என்று ஐரோப்பிய மாடல் ஒரு வாரம் முன்பே காட்டியது. அப்போது அமெரிக்க மாடல் அதைக் கடலுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது. ஐரோப்பிய மாடலுக்கு இன்றும் இருக்கிற மரியாதை பெரும்பாலும் அன்று வந்தது. ஆனால் அடுத்தடுத்த புயல்களில் அதுவும் பிசகியிருக்கிறது. உங்கள் நண்பர்களிடம் ஒன்று கேளுங்கள்: "நடுப்புள்ளி சரியாக உருவாகிவிட்டதா? பிலாக்சியிலிருந்து விமானம் உள்ளே போய் வந்ததா?" அங்கே விமானப்படையின் ஒரு பிரிவு புயலின் கண்ணுக்குள்ளேயே பறந்து கருவிகளைப் போட்டு அளந்து வரும். மையம் உருவாகாதபோது மாடல் கோடுகள் கொட்டிய சேமியா போல எல்லாத் திசையிலும் கிடக்கும். அந்த அளவுகள் மாடலுக்குள் போன பிறகு ஒன்றுகூட ஆரம்பிக்கும். அதற்கு முன் பத்தாம் நாள் படத்தை வைத்துச் சண்டை போட்டால் தூக்கம்தான் கெடும்.

பாதை பற்றிய வாதம் எவ்வளவு கனமானது என்பதற்கு நீங்கள் இருக்கும் ஊருக்குத் தெற்கே ஒரு மணி நேரத்தில் இருக்கும் கால்வெஸ்டனே சாட்சி. 1900 செப்டம்பரில் கியூபா வானிலையாளர்கள், புயல் மேற்கே போய் டெக்சஸைத் தாக்கும் என்றார்கள். அமெரிக்க வானிலை அலுவலகம், அது வளைந்து ஃபுளோரிடா வழியாக அட்லாண்டிக் போய்விடும் என்றது. கியூபாவிலிருந்து புயல் தந்தி வருவதையே தடுத்தும் வைத்திருந்தது. 8ஆம் தேதி கடல் கால்வெஸ்டனுக்குள் ஏறியது. ஆறாயிரத்துக்கும் குறையாமல் இறந்தார்கள். எட்டாயிரம் என்று சொல்பவர்களும் உண்டு. அந்தக் கடற்கரைச் சுவரில் ஒரு தடவை நின்று பாருங்கள்.

சரி, கிளம்புவதா இருப்பதா. இதற்கு மாடல் பதில் சொல்லாது, நம் பின்கோடு மாதிரி அங்கே இருக்கிற உங்கள் ஜிப் எண் சொல்லும். கடல் ஏறக்கூடிய பகுதிகளை ஜிப் எண்படி மண்டலம் மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். நீங்கள் கிளியர் லேக், சீப்ரூக், லீக் சிட்டி பக்கம் குடியிருந்து, உங்கள் மண்டலத்தைக் கிளம்பச் சொன்னால், கோடு லூசியானாவில் இருந்தாலும் அன்றே கிளம்புங்கள். மண்டலத்திலேயே இல்லாத இடம் என்றால் ரோட்டில் இறங்காதீர்கள். 2005இல் ரீட்டா புயல் வந்தபோது கத்ரீனா புயல் அடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். இருபது மணி நேரத்துக்கு மேல் ரோட்டில் நின்ற குடும்பங்கள் உண்டு. முதியோர் இல்லத்திலிருந்து வந்த ஒரு பஸ் டாலஸ் அருகே தீப்பிடித்து 23 பேர் போனார்கள். வெயிலிலும் நெரிசலிலும் விபத்திலும் மொத்தம் நூறு பேரளவில் இறந்தார்கள். புயலோ கடைசியில் டெக்சஸ்-லூசியானா எல்லையில் ஏறியது. போகத் தேவையில்லாதவர்கள் ரோட்டை அடைத்தால், போயே ஆகவேண்டியவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

வீட்டில் இருப்பதென்றால் கரண்ட் போகும் என்று முடிவு செய்துகொண்டு இருங்கள். 2024 ஜூலையில் பெரில், முதலில் மெக்சிகோ பக்கம் என்றார்கள். பிறகு கோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையோரம் மேலே ஏறி, 8ஆம் தேதி மாட்டகோர்டாவில் கரையைக் கடந்தது. வெறும் கேட்டகரி 1. ஹூஸ்டன் வட்டாரத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரண்ட் இல்லை. எங்களுக்கு ஆறு நாள். சித்திரை வெயிலைப் பார்த்தவர்கள் நாம், ஆனாலும் காற்றே நுழையாத அந்த வீடுகளுக்குள் அந்தப் புழுக்கம் வேறு. குடிதண்ணீர், சார்ஜ் போட்ட பவர் பேங்க், அவல், பொரி, பெட்ரோல், இத்தனையும் இப்போதே. பாஸ்போர்ட்டையும் குடியேற்றத் துறை தந்த ஐ-797 தாளையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையோடு வையுங்கள். யாராவது ஜெனரேட்டர் வைத்திருந்தால் அது வாசலுக்கு வெளியே, ஜன்னலுக்குத் தள்ளி இருக்கட்டும். அந்தப் புகையில் தூக்கத்திலேயே போனவர்கள் ஒவ்வொரு புயலுக்கும் உண்டு. காரை மேல்தளத்தில் நிறுத்துங்கள். மழை நாளில் பாலத்துக்கு அடியில் இறங்கும் ரோட்டில் தண்ணீர் நின்றால் அதற்குள் விடவே விடாதீர்கள். வெள்ளத்துக்கான இன்சூரன்ஸ் தனி. வாங்கினால் பெரும்பாலும் முப்பது நாள் கழித்துத்தான் உயிர் வரும். இந்தப் புயலுக்கு உதவாது, அடுத்த வருஷத்துக்கு நினைவில் வையுங்கள்.

அப்பாவுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஹரிகேன் மையத்தின் முழு அறிவிப்பு ஹூஸ்டன் நேரப்படி காலை 4, 10, மாலை 4, இரவு 10 மணிக்கு வரும். பாலக்கோட்டில் அது பகல் இரண்டரை, ராத்திரி எட்டரை, நள்ளிரவு இரண்டரை, காலை எட்டரை. காலை எட்டரையும் ராத்திரி எட்டரையும் மட்டும் பார்த்துவிட்டு உங்களிடம் பேசச் சொல்லுங்கள், நடுவில் வேண்டாம். காற்றின் வேகம் அங்கே மைலில் சொல்வார்கள், கிலோமீட்டரில் இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். 74 மைல் என்றால் 119 கிலோமீட்டர். எங்கள் பெரியப்பா அதை மாற்றிப் படித்துவிட்டு, சின்னப் புயல்தானே என்றார்.

உங்கள் ஜிப் எண்ணையும், வீடு எந்த மாடி என்பதையும், பக்கத்தில் எந்தப் பையூ ஓடுகிறது என்பதையும் எனக்கு எழுதுங்கள். பையூ என்பது அங்கே ஊருக்குள் ஓடும் ஓடை. மழை நாளில் அது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மாவட்டத்தின் அளவுகோல்களை நேரடியாகப் பார்க்க முடியும், வழியைச் சொல்லித்தருகிறேன். வீட்டுக்காரரிடம் பேசிவிட்டேன், கேட்டியில் மாடி அறை காலியாக இருக்கிறது. கூட இருக்கும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், வாதத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம். இன்று இரவு பத்து மணி அறிவிப்பு வந்ததும் பதில் போடுங்கள். இங்கே காலை எட்டரையாக இருக்கும், நான் திண்ணையில்தான் இருப்பேன்.