நாங்களும் நாமும்

கேள்வி: சென்னைக்கு வேலைக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. ஊருக்குப் போனால் விருந்தாளி, இங்கே வெளியூர்க்காரன். இந்த உலகத்தில் என் இடம்தான் எது? நான் யார் என்பதே சில நேரம் குழப்பமாக இருக்கிறது.
- அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: ‘இடம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பள்ளிக்கூடத்தில் இலக்கண வகுப்பிலும் படித்திருப்பீர்கள். தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றும் சேர்ந்து மூவிடம். ஆக, தமிழில் ‘நான்’ என்பதே ஓர் இடம்தான், பேசுகிறவர் நிற்கிற இடம். சென்னைக்கு வண்டி ஏறியபோது அதையும் கூடவே கொண்டுபோய்விட்டீர்கள்.

என் கவலை எல்லாம் அதன் பன்மையைப் பற்றி. எதிரே இருப்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். அவரை விட்டுவிட்டால் நாங்கள். விளம்பரக்காரர்கள் இந்த இரண்டையும் குழப்புவதை இந்தப் பக்கத்தில் பல தடவை திட்டியிருக்கிறேன். ‘நாங்கள் எல்லோரும் தண்ணீரைச் சேமிப்போம்’ என்று நம்மைப் பார்த்துச் சொன்னால், நாம் சேமிக்க வேண்டாம் என்றுதானே பொருள்? அவர்கள் திருந்தும்வரை எழுதுவேன்.

சரி, விளம்பரத்தில் வந்தால் அது மொழிப்பிழை. நம் திருநெல்வேலிச் சீமையில் அது வேறு மாதிரி. புது ஆளைப் பார்த்தால் ‘எந்த ஊரு?’ என்று கேட்கிறோம். பிரியமான கேள்வி. ஊரைச் சொன்னதும் ‘அங்க எந்தத் தெரு?’ என்று அடுத்தது வருகிறது. ஆளை நாமில் சேர்ப்பதா, நாங்களுக்கு வெளியே நிறுத்துவதா என்று சாதியை மோப்பம் பிடிக்கிற கேள்வி அது. சொந்தக்காரர் ஒருவர் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் அதைக் கேட்டபோது நான் எழுந்து வந்துவிட்டேன்.

பிள்ளைகள் சாதிக்கு ஒரு நிறமாகக் கையில் கட்டுகிற கலர்க் கயிறு, கேட்பதற்கு முன்பே சொல்லப்படும் பதில். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவன் ஒருவனையும், தடுக்க வந்த அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. கட்டாயம் செய்ய வேண்டும். ஆனால் ‘எந்தத் தெரு?’ என்று கேட்கப் பையன் பழகியது வீட்டுத் திண்ணையில்.

இதே தாமிரபரணிக் கரையில், ஆழ்வார்திருநகரிப் புளியமரத்தடியில் நடந்ததாக வைணவர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. மரத்தடியில் ஓர் இளைஞர். அவரிடம் மதுரகவி கேட்டார்: ‘செத்ததன் வயிற்றில் சிறியது பிறந்தால் எத்தைத் தின்று எங்கே கிடக்கும்?’ உடம்புக்குள் வந்த உயிருக்கு இடம் எது என்பதுதான் கேள்வி. உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் வருகிறது பாருங்கள். ‘அத்தைத் தின்று அங்கே கிடக்கும்’ என்று பதில் வந்தது. கேட்டவர் அந்தணர், வயதிலும் மூத்தவர். பதில் சொன்னவர் வேளாளர் வீட்டுப் பிள்ளை. குலத்தைப் பார்க்காமல் அவரையே குருவாகக் கொண்டார் மதுரகவி. அந்தப் பிள்ளைக்கு நிலைத்த பெயர் நம்மாழ்வார். அந்த ‘நம்’மை எப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

சென்னையில் யாரோடு இருக்கும்போது உங்கள் வாயில் ‘நாம’ தானாக வருகிறது என்று கவனியுங்கள். அங்கே நீங்கள் வெளியூர்க்காரர் இல்லை. அப்புறம், நெல்லை எக்ஸ்பிரஸில் ஊருக்கு வரும்போது யாராவது ‘எந்த ஊரு?’ என்றால் அம்பாசமுத்திரம் என்று வாய் நிறையச் சொல்லுங்கள். தெருவைக் கேட்டால் ஆற்றங்கரை என்று சொல்லிவிட்டு, அவருக்கும் சேர்த்துக் காப்பி வாங்குங்கள்.