நான் சொன்னது ஒன்று, பேப்பரில் வந்தது ஒன்று

அன்புள்ள மேடம்,

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 67. போன மாதம் ரேஷன் கடையில் என் கைரேகை மெஷினில் விழவே இல்லை. விரலை மாற்றி மாற்றி வைத்தேன், சேலையில் துடைத்துவிட்டு வைத்தேன், ஊஹும். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. அங்கே வந்த ஒரு நிருபர் என்னிடம் கேட்டார். “மெஷின்தான் படுத்துகிறது, பாவம், இந்தப் பையன் என்ன செய்வான்?” என்றேன். மறுநாள் பேப்பரில் என் படத்தோடு, ‘ரேஷன் கடை ஊழியர் படுத்துகிறார்: ஆசிரியை குமுறல்’ என்று வந்துவிட்டது.

அந்தப் பையன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். அவனிடம் மேலிடத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். அன்றிலிருந்து நான் கடைப் பக்கமே போகவில்லை, மருமகள்தான் போகிறாள். தெருவில் நாலு பேர் நின்றால் என்னைத்தான் பேசுகிறார்கள் என்று தோன்றுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. ஒருவேளை நான்தான் அப்படிச் சொல்லித் தொலைத்தேனோ என்றுகூட இப்போது சந்தேகம். “விடுங்க பாட்டி, நாளைக்கு அந்தப் பேப்பர்ல பஜ்ஜி மடிப்பாங்க” என்கிறான் பேரன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

– பெயர் வேண்டாம்

அன்புள்ள அம்மா,

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னியுங்கள்.

முதலில் அந்தச் சந்தேகம். ஒரே நினைவைத் திரும்பத் திரும்பக் கிளறினால், பிறகு படித்த தலைப்பும் அதற்குள் கலந்துவிடும். எனக்கு எழுதிய அந்த ஒரு வாக்கியத்தை ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள். இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் புரண்டுகொண்டு கிடக்காமல், அதைப் படித்துவிட்டுக் கூடத்தில் கொஞ்சம் நடங்கள்.

அப்புறம் தெரு. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் 2000-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கூச்சம் தரும் படம் போட்ட டி-ஷர்ட்டை ஒரு மாணவருக்கு மாட்டி, மற்ற மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்ட பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அவர் நினைத்தார். கவனித்தது கால்வாசிப் பேர்தான்.

ஆனால் உங்களை உண்மையில் உறுத்துவது அந்தப் பையன்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் கடைக்குப் போகாததை அவன் எப்படி எடுத்துக்கொள்வான்? ‘டீச்சர் நம்மைப் போட்டுக்கொடுத்துவிட்டு முகம் பார்க்க முடியாமல் இருக்கிறார்’ என்றுதானே? கடை அடைக்கிற நேரமாகப் பார்த்து நேரில் போங்கள். அவன் கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள், விளக்கம் எழுதியவன் அவன். நீங்கள் சொன்னது இன்னது என்று கையெழுத்துப் போட்டு ஒரு கடிதமும் எடுத்துப் போங்கள். மேலதிகாரியிடம் காட்ட, ஆறுதல் வார்த்தையைவிட அதுதான் அவனுக்கு உதவும்.

பத்திரிகை ஆசிரியருக்குப் பதிவுத் தபாலில் மறுப்பு அனுப்புங்கள்: தேதி, பக்கம், அச்சான வாக்கியம், நீங்கள் சொன்ன வாக்கியம். திட்ட வேண்டாம். சரிப்படாவிட்டால் இந்தியப் பிரஸ் கவுன்சில் இருக்கிறது. நாளிதழ் செய்தி என்றால் வெளியான 2 மாதத்துக்குள் புகார் செய்ய வேண்டும். கண்டிக்க முடியுமே தவிர, அபராதம் போட அதற்கு அதிகாரம் இல்லை. அவ்வளவு தூரம் அலையத் தெம்பில்லை என்றால் மறுப்போடு நிறுத்திக்கொள்வதும் தப்பில்லை.

வயதானால் தோல் வறண்டு ரேகை மங்குவது சகஜம். வறண்ட விரலைச் சேலையில் துடைத்தது இன்னும் மோசம்! கருவிழி பார்க்கும் மெஷின் வந்திருக்கிறதா என்று அவனிடமே கேளுங்கள். பேச்சை ஆரம்பிக்க ஒரு சாக்கும் ஆயிற்று.