அவள் சாமர்த்தியத்தை எழுதப் போனால் என் இல்லாமைதான் தெரிகிறது

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். எனக்கு 67 வயது. கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையிலிருந்து பழனிக்கு இறங்குகிற பாதையில் எங்கள் ஊர். முப்பது வருஷம் காய்கறி வண்டி ஓட்டினேன். பீன்ஸ், சவ்சவ், பட்டர் ஃப்ரூட் என்று ஏற்றிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வருவேன். இப்போது வீட்டைச் சுற்றியிருக்கும் பேரிக்காய் மரங்களோடு சரி.

என் மனைவி போன ஆவணியில் தவறிவிட்டாள். கர்ப்பப்பைப் புற்றுநோய். வருகிற ஆவணியில் வருஷம் திரும்புகிறது. அன்றைக்கு வருகிற சொந்தபந்தங்களுக்குக் கொடுக்க, அம்மாவைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட வேண்டும் என்கிறாள் கோயம்புத்தூரில் இருக்கும் மகள். "அம்மா எவ்வளவு பெரிய ஆர்ட்டிஸ்ட்! நீங்க நாலு பக்கம் எழுதுங்கப்பா, போதும்" என்று நோட்டும் பேனாவும் வைத்துவிட்டுப் போனாள். மூன்று மாதம் ஆகிறது. ஒரு வரி எழுதவில்லை.

எழுத உட்கார்ந்தால் கடைசி ஏழு மாதம்தான் வருகிறது. மதுரை ஆஸ்பத்திரிக்கு ஏறி இறங்கியது, மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தது, என் கையைப் பிடித்திருந்த அவள் விரல் குச்சியாகிப் போனது. அதற்கு முன்னால் நாங்கள் வாழ்ந்த 42 வருஷம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை மகளிடம் சொன்னதில்லை. அவள் போடியில் பிறந்தவள். 1982-ல் குறிஞ்சி பூத்திருந்த சமயம் இங்கே கல்யாணமாகி வந்தாள். குளிர் என்றால் என்னவென்று தெரியாது. முதல் மார்கழியில் என்னிடம் இருந்தது ஒரே ஸ்வெட்டர், அதைப் போட்டுக்கொண்டு நான் வண்டிக்குப் போய்விட்டேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? இரண்டு சைக்கிள் கம்பியைத் துவைக்கிற கல்லில் தேய்த்துத் தேய்த்து ஊசியாக்கினாள். டூரிஸ்ட்காரர்கள் போட்டுவிட்டுப் போன பழைய ஸ்வெட்டர்களை வாங்கி நூலைப் பிரித்தாள். பிரித்த நூல் சுருள் சுருளாக நிற்கும். அதை நாற்காலி முதுகில் சுற்றிக் கழியாக்கி, உலை கொதிக்கும்போது வரும் ஆவியில் காட்டுவாள். அடியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் காலையில் புது நூல் மாதிரி நேராகியிருக்கும். பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்தது அந்த நூலில்தான். ஆலங்கட்டி மழையில் உதிர்ந்த பேரிப்பிஞ்சைக்கூட வீணாக்காமல் மாங்காய் போல உப்பில் போட்டு ஊறவைப்பாள். பள்ளிக்கூட விழாவுக்கு யூகலிப்டஸ் காயைக் கோத்து, மகளுக்கு ராணி மாலை செய்து கொடுத்தாள்.

மகள் இதையெல்லாம் கலை என்கிறாள். எனக்கு அப்படித் தெரியவில்லை. நான் ஒழுங்காகச் சம்பாதித்திருந்தால் அவள் ஏன் ஊரான் ஸ்வெட்டரைப் பிரிக்கப் போகிறாள்? அவள் சாமர்த்தியத்தை எழுதினால் என் இல்லாமையைத்தான் ஊருக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

1994-ல் மறுபடி குறிஞ்சி பூத்தபோது பார்க்கப் போனோம். வரும் வழியில் கொடைக்கானல் ஏழு ரோடு பக்கம் ஒரு கடையில் ஊதா நிறத்தில் ஒரு உண்டை புது உல்லன் நூல் வாங்கினாள். "இதெல்லாம் ஒரு செலவா?" என்று நடுரோட்டில் கத்தினேன். "ரெண்டு வரிசைக்குத்தான்" என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவள் பின்னிய எல்லா ஸ்வெட்டரிலும் மணிக்கட்டில் இரண்டு வரிசை ஊதா இருக்கும். நூல் தீர்ந்தால் வாங்கிக்கொள்வாள். நான் கத்தியது மட்டும் என் காதை விட்டுப் போகவில்லை.

பாதி பின்னிய ஒன்று ஊசியோடு அலமாரியில் இருக்கிறது. யாருக்கென்று தெரியாது. போனவள் தொட்டதை வைத்திருக்காதே, ஆற்றில் விடு என்கிறாள் என் அக்கா. எனக்கு அதைத் தொடவே முடியவில்லை. அழுகையும் வருவதில்லை. நான் அவளை மறந்துகொண்டிருக்கிறேனா?

— பெருமாள்மலை வாசகர்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நாலு பக்கம் எழுத முடியவில்லை என்கிறீர்கள். நூலுக்கு ஆவி காட்டியதை நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் யாரும் நாளைக்கே செய்து பார்க்கலாம். கல் கட்டியதுகூட விட்டுப்போகவில்லை. மறக்கிறவர் இப்படி எழுத மாட்டார்.

கடைசி மாதங்கள் மட்டுமே கண்ணில் நிற்பது, நோயாளியைக் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர்கள் பலருக்கும் நடப்பதுதான். பயத்தோடும் தூக்கமில்லாமலும் பார்த்த காட்சிகள் மனதில் ஆழமாகப் பதிந்துவிடும், கூப்பிடாமலே வந்து முன்னால் நிற்கும். 42 வருஷமும் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. அதை 'அவள் எப்படிப்பட்டவள்' என்று கேட்டுக் கூப்பிட்டால் வராது, பொருளைக் கையில் எடுத்தால் வரும். அந்தச் சைக்கிள் கம்பி ஊசிகள் இருந்தால் எடுத்து மேஜையில் வையுங்கள்.

அழுகை வராததைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். துக்கத்துக்கு ஐந்து கட்டம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-ல் அதை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசிவிட்டு. இழந்தவர்கள் வரிசையாக ஏறித் தீர வேண்டிய படிக்கட்டு அல்ல அது. 1999-ல் ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்னது என் அனுபவத்துக்கு இன்னும் பொருந்துகிறது. துக்கத்தில் இருப்பவர் ஒரு நேரம் இழப்பின் பக்கம் போவார், ஒரு நேரம் அன்றாட வேலையின் பக்கம் திரும்புவார், இப்படி மாறி மாறித்தான் போகும் என்றார்கள். காலையில் மரத்தடியில் நிற்கிறீர்கள், சாயங்காலம் அலமாரி முன்னால் நிற்கிறீர்கள். இரண்டுமே துக்கத்தின் வேலைதான்.

இப்போது உங்கள் வெட்கத்துக்கு வருகிறேன். என்னை உலுக்கியது அதுதான். வறுமை இருந்தது, உண்மை. அதை மறைத்து எழுதச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதையே கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். குளிருக்கு ஸ்வெட்டர் வேண்டியிருந்தது, கையில் காசு இல்லை, பழையதைப் பிரித்தார். அதுவரை இல்லாமை செய்ய வைத்தது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கட்டில் இரண்டு வரிசை ஊதாவை யார் கேட்டது? குளிர் கேட்கவில்லை. இல்லாமை வேண்டாம் என்றது, நீங்களும் வேண்டாம் என்றீர்கள். அப்படியும் வாங்கினார். பார்த்துவிட்டு வந்த பூவின் நிறம், அடுத்துப் பூக்கும் வரை பன்னிரண்டு வருஷம் பிள்ளைகள் கையில் இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. பஞ்சம் பிழைக்க மட்டும் பின்னியவர் அந்த இரண்டு வரிசையைப் பின்னியிருக்க மாட்டார். மகள் 'ஆர்ட்டிஸ்ட்' என்று சொல்வது இதைத்தான் என்று எனக்குப் படுகிறது.

ஆகவே நாலு பக்கத்தில் முதல் பக்கத்துக்கு அந்த ஏழு ரோடு கடையை வையுங்கள். நீங்கள் கத்தியதையும் சேர்த்து எழுதுங்கள். அதை விட்டுவிட்டால் "ரெண்டு வரிசைக்குத்தான்" என்று அவர் சொன்னதற்கு எடை இருக்காது. 'அன்பின் உருவம், தியாகச் சுடர்' என்று நினைவு மலர்களில் போடுவார்களே, அது தயவுசெய்து வேண்டாம். யார் படத்துக்குக் கீழே போட்டாலும் பொருந்துகிற வார்த்தை அது. பேரிப்பிஞ்சு ஊறுகாய்க்கு உப்பு எவ்வளவு, எத்தனை நாள் வெயில் என்று உங்களுக்குத் தெரிந்தால் அதை எழுதுங்கள். தெரியாவிட்டால் அவர் கைப்பக்குவம் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். கேட்கப் போகும் சாக்கில் நாலு பேரோடு அவரைப் பற்றிப் பேசுவீர்கள், அது எழுதுவதைவிட முக்கியம்.

உங்கள் அக்கா நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் இறந்தவரோடு உள்ள பந்தத்தை அறுத்தால்தான் ஆற முடியும் என்ற பழைய எண்ணத்தை, துக்க ஆலோசனையில் இருக்கும் நாங்கள் கைவிட்டு வெகு நாளாகிறது. அந்த உறவு வேறு வடிவத்தில் தொடரலாம், தொடர்வது நோயல்ல. அலமாரியில் இருப்பதற்கு நாள் குறிக்க வேண்டியவர் நீங்கள்தான். பத்து வருஷம் அங்கேயே இருந்தாலும் தப்பில்லை.

ஒரு ஆலோசகராக இதையும் கேட்க வேண்டும். சரியாகச் சாப்பிடுகிறீர்களா? ராத்திரி தூக்கம் வருகிறதா? இனி இருந்து என்ன என்ற நினைப்பு வருகிறதா? வருஷம் திரும்பிய பிறகும் ஏக்கம் நாள் தவறாமல் ஆளை அழுத்தி, அன்றாட வேலையே ஓடாமல் போனால் அதை நீடித்த துக்கம் என்று தனியாகப் பார்க்கிறோம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 2022-ல் அதற்கென்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், சிகிச்சையும் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அந்த அளவு எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் மேலே சொன்ன நினைப்பு ஒரு ராத்திரி எட்டிப் பார்த்தால்கூட அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் போன் செய்யுங்கள். இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், இந்த வெட்கத்தை மகளிடம் சொன்னதில்லை என்றீர்கள். சொல்லுங்கள். அந்த ஸ்வெட்டரைப் போட்டு வளர்ந்தவர் அவர், அவருக்கு என்ன நினைவிருக்கிறது என்று கேட்காமலே நீங்கள் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். அவர் வரும் நாளில், தொட முடிந்தால், அந்தப் பாதி ஸ்வெட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கீழிருந்து பின்னியிருந்தால் மார்பு அகலம் தெரியும். அது யார் அளவு என்று இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள்.

— உங்கள் ஆலோசகர்