அழுகை அடங்கவில்லை… பேசினால் தீருமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: குழந்தை பிறந்து ஏழு வாரம் ஆகிறது. தினமும் அழுகை, கணவரோடு வாக்குவாதம். குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. டாக்டர் 'இன்டர்பர்சனல் தெரபி'க்குப் போகச் சொல்கிறார். உறவுகளைப் பற்றிப் பேசினால் மனச்சோர்வு போய்விடுமா?

பதில்: பிரசவமான சில நாட்களில் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். ஏழு வாரம் நீடிப்பதைக் காத்திருந்து பார்க்கக் கூடாது. டாக்டர் சொன்னது சரி.

இன்டர்பர்சனல் தெரபி என்பது, 1970களில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஜெரால்டு கிளெர்மனும் மிர்னா வைஸ்மனும் மனச்சோர்வுக்காக உருவாக்கிய பேச்சு சிகிச்சை. உங்கள் நோய்க்குக் கணவர்தான் காரணம் என்று அது சொல்வதில்லை. சோர்வு உறவைக் கெடுக்கும். கெட்ட உறவு சோர்வை வளர்க்கும். இந்தச் சுழலை உறவுப் பக்கமாகப் பிடித்து நிறுத்துவதுதான் வழி.

வாரம் ஒருமுறை, ஏறக்குறைய ஒரு மணி நேரம், 12 முதல் 16 வாரம். முதல் சில அமர்வுகளில் உங்களுக்கு நெருக்கமானவர்களைப் பட்டியலிடுவார்கள்: யாரிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள், என்ன கிடைக்கிறது, பிரசவத்துக்குப் பின் என்ன மாறியது? அதை வைத்து, இந்த நான்கு பிரச்சினைகளில் ஒன்றை, மிஞ்சினால் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்: இழப்பின் துக்கம், உறவில் பிணக்கு, வாழ்க்கை நிலை மாறியது, தனிமை. பழைய வேலையையும் சுதந்திரத்தையும் நினைத்து ஏங்குவது, குழந்தை மேல் பாசம் இல்லை என்பதற்கு அடையாளமல்ல. அதையும் அங்கே தயங்காமல் சொல்லுங்கள்.

உங்களுக்கு அதிகம் உதவக்கூடியது, ஒரே ஒரு சண்டையைச் சொல்லுக்குச் சொல் பிரித்துப் பார்ப்பது. "உங்களுக்கு எதிலும் அக்கறையே இல்லை" என்கிறீர்கள். அவர் காதில் அது குற்றச்சாட்டாக விழுகிறது, வாயை மூடிக்கொள்கிறார். அந்த மௌனத்தை நீங்கள் அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். உண்மையில் கேட்க நினைத்ததோ, "ராத்திரி பத்து மணிப் பாலுக்குப் பிறகு இரண்டு மணிவரை குழந்தையை நீங்கள் பார்த்துக்கொண்டால் நான் நாலு மணி நேரம் தூங்குவேன்" என்பது. இதைத் தெரபிஸ்டுடன் நடித்துப் பழகிவிட்டுத்தான் வீட்டில் கேட்பீர்கள்.

சறுக்குவது பெரும்பாலும் நேரத்தில்தான். குழந்தை வீறிடும்போது கேட்காதீர்கள். ஒரே மூச்சில் மூன்று கோரிக்கை வைக்காதீர்கள். அவர் மாட்டிய டயப்பரைக் கழற்றி மறுபடி மாட்டாதீர்கள். அடுத்த முறை அவர் கையே வைக்கமாட்டார். அவர் மறுத்துவிட்டால், அந்த உரையாடலை அப்படியே அடுத்த அமர்வுக்குக் கொண்டுபோங்கள்.

குழந்தை தூங்கியும் நீங்கள் தூங்க முடியாததை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். சோர்வு கடுமையாக இருந்தால் தெரபியோடு மாத்திரையும் தேவைப்படலாம். பாலூட்டும்போது எடுக்கக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன.

கேள்வி: ஆறு மாத கர்ப்பம். முந்தைய கரு கலைந்ததை நினைத்து இன்னும் அழுகிறேன். பிரசவம் முடிந்து சிகிச்சை எடுக்கலாமா?

பதில்: இப்போதே தொடங்குங்கள் அம்மா. இழந்த கருவுக்கான துக்கமும் துக்கம்தான். இந்தச் சிகிச்சையில் அதற்கு இடம் உண்டு. அதைப் பேசுவதால் வயிற்றிலுள்ள குழந்தைக்குக் கேடு வராது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் என்றால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: மனைவிக்கு இந்தத் தெரபி சொல்லியிருக்கிறார்கள். கணவனான நானும் உடன் போகலாமா? எப்போது பயப்பட வேண்டும்?

பதில்: மனைவி சம்மதித்தால் ஓரிரு அமர்வுகளுக்குப் போகலாம். புதிதாக அப்பா ஆனவர்களுக்கும் மனச்சோர்வு வரும். உங்களுக்கு இருந்தால் மறைக்காதீர்கள்.

சாக வேண்டும், குழந்தையை ஏதாவது செய்துவிடுவேன் என்று மனைவி சொன்னாலோ, அவருக்கு இல்லாத குரல் கேட்டாலோ, தூக்கமே இல்லாமல் அளவுமீறிய பரபரப்போடு சம்பந்தமில்லாமல் பேசினாலோ, அடுத்த அமர்வுவரை காத்திருக்காதீர்கள். அவரையும் குழந்தையையும் தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.