65 தாண்டினால் வீட்டுக்குள்ளேயா? முதியோரும் கொரோனா கட்டுப்பாடுகளும்: கேள்வி பதில்

கொரோனா காலத்தில் முதியோருக்காகப் போட்ட கட்டுப்பாடுகளை முதியோரே விரும்பினார்களா, இன்னொரு தொற்று வந்தால் வீட்டிலும் முதியோர் இல்லத்திலும் என்ன செய்வது என்று வந்த கேள்விகளுக்கு முதியோர் நல மருத்துவர் ஒருவர் தந்த பதில்கள்.

கேள்வி (சேலம்): நேராகவே கேட்கிறேன் டாக்டர். வயதானவர்களைக் காப்பாற்றத்தான் இத்தனை கெடுபிடி என்றார்கள். அவர்களுக்கு அது வேண்டியிருந்ததா?

பதில்: ஊருக்கெல்லாம் பொதுவான கட்டுப்பாடு என்றால் பெரும்பாலான முதியவர்கள் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டார்கள். முகக்கவசம், கூட்டம் தவிர்ப்பது எல்லாவற்றிலும் இளவட்டங்களைவிட ஒழுங்கு அவர்கள்தான். "உனக்கு இத்தனை வயது, நீ மட்டும் உள்ளே இரு" என்றபோதுதான் கோபம் வந்தது.

துருக்கியில் 2020 மார்ச் 21 அன்று 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் வெளியே வரத் தடை போட்டார்கள். முதன்முறையாக வெளியே விட்டது மே 10, அதுவும் நான்கு மணி நேரம். கொலம்பியாவில் அப்போது 18 முதல் 69 வயது வரை தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சிக்கு வெளியே போகலாம் என்றிருந்தது. 70 தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாள், நாளுக்கு அரை மணி. இரண்டிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகளுக்குக் கொடுத்த அதே கணக்கு! முன்னாள் அமைச்சர்கள் உட்படப் பலர் "நரைமுடிக் கலகம்" என்று பெயர் சூட்டிக்கொண்டு நீதிமன்றம் போனார்கள். 2020 ஜூலையில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. அவர்கள் யாரும் கொரோனா பொய் என்று சொல்லவில்லை. எங்கள் ஆபத்தை எடைபோட எங்களுக்குத் தெரியும் என்றார்கள்.

கேள்வி (சென்னை): நம் நாட்டில் அப்படி யாரும் வழக்குப் போடவில்லையா?

பதில்: போட்டார்கள். மத்திய உள்துறையின் ஊரடங்கு உத்தரவுகளில் 65 தாண்டியவர்கள் அத்தியாவசியத் தேவை, மருத்துவம் தவிர வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றிருந்தது. பிறகு தளர்வுகள் வந்தபோது அது அறிவுரையாக மாறியது. ஆனால் மகாராஷ்டிர அரசு சினிமா, தொலைக்காட்சிப் படப்பிடிப்புத் தளங்களில் 65 தாண்டியவர்களுக்குத் தடையே போட்டது. நடித்துப் பிழைக்கும் எழுபது வயதுக்காரர் ஒருவர் வழக்குத் தொடுக்க, பம்பாய் உயர் நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 7 அன்று அந்த நிபந்தனையை ரத்து செய்தது. அதே வயதில் ஒருவர் கடை திறக்கலாம், நடிகர் மட்டும் வேலைக்குப் போகக்கூடாதா என்பதுதான் அங்கே விஷயம். வீட்டில் உட்கார வைப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர், வருமானத்தை மறந்துவிடுகிறார்கள். நம் ஊரில் 65 வயதில் ஓய்வூதியத்தோடு உட்கார்ந்திருப்பவர் எத்தனை பேர்?

கேள்வி (திருநெல்வேலி): 65 என்ற எண்ணுக்கு மருத்துவ அடிப்படை உண்டா?

பதில்: வயது கூடக்கூட ஆபத்து கூடும் என்பதற்கு உண்டு. 65இல் திடீரென்று கூடும் என்பதற்கு இல்லை. தடுப்பூசிக்கு முன்பு, வசதியான நாடுகளின் தரவுப்படி, தொற்றியவர்களில் இறந்தோர் 55 வயதில் சுமார் 0.4 சதவீதம், 65இல் 1.4, 75இல் 4.6, 85இல் 15. பத்து வருடத்துக்கு மூன்று மடங்குக்கு மேல். ஆக 66 வயதுக்காரரையும் 86 வயதுக்காரரையும் ஒரே கூடையில் போடுவது கணக்குப்படியே தப்பு. டயாலிசிஸில் இருக்கும் 50 வயதுக்காரர் அந்தக் கூடைக்கு வெளியே நிற்கிறார், அது இன்னொரு தப்பு.

கேள்வி (ஈரோடு): மாமனாருக்கு 78. எதைச் சொன்னாலும் "நீ சொன்னா சரிம்மா" என்பார். கொஞ்ச நேரத்தில் செருப்பைக் காணோம், ஆள் டீக்கடையில் இருப்பார். அவருக்கு என்ன வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அவர் பதில் சொல்லிவிட்டாரே. டீக்கடைதான் வேண்டும்.

குடும்பமே சுற்றி நிற்கக் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். தனியாக, டி.வி.யை நிறுத்திவிட்டு, காது மந்தமென்றால் முகம் தெரியும்படி உட்கார்ந்து கேளுங்கள். "பயமா இருக்கா?", "ஜாக்கிரதையா இருப்பீங்களா?" என்று கேட்காதீர்கள், ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார். ஒரு சாதாரண வாரத்தில் எங்கெங்கே போவார் என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள்: டீக்கடை, கோயில், ரேஷன், பேங்க், மகள் வீடு, சாவு வீடு, கல்யாணம். பிறகு இரண்டே கேள்வி. இதில் எதை விடவே முடியாது? எதை வேறு யாராவது செய்தால் நிம்மதி? பேங்கையும் ரேஷனையும் பெரும்பாலும் சந்தோஷமாக விட்டுக்கொடுப்பார்கள். விட முடியாதது ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும்.

அந்த ஒன்றை ஆபத்தில்லாமல் செய்ய வழி பாருங்கள். டீக்கடை என்றால் கூட்டமில்லாத காலை ஐந்தரை மணி, உள்ளே பெஞ்சில் இல்லாமல் வெளியே நின்று, டம்ளரை வீட்டிலிருந்தே கொண்டுபோய், குடிக்கும் நேரம் தவிர மூக்கும் மூடிய முகக்கவசத்தோடு. திறந்த வெளியில் பத்து நிமிடம் என்பது ஏ.சி. மண்டபத்தில் மூன்று மணி நேரக் கல்யாணத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஒத்துக்கொண்டதைத் தேதி போட்டு எழுதி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊரின் தொற்று நிலவரம் பார்த்து மாற்றுங்கள். மொத்தமாகத் தடுத்தால் திருட்டுத்தனமாகப் போவார். காய்ச்சல் வந்தாலும் மறைப்பார். அதுதான் ஆபத்து.

கேள்வி (கோவை, முதியோர் இல்ல நிர்வாகி): எங்கள் இல்லத்தில் 40 பேர். பார்வையாளரை விட்டால் தொற்று, விடாவிட்டால் பழி. என்னதான் செய்வது?

பதில்: முதலில், தொற்று எந்த வாசல் வழியாக வருகிறது என்று பாருங்கள். வாரம் ஒருமுறை வரும் மகளைவிட, தினமும் பஸ்ஸில் வந்து போகும், இரண்டு இடத்தில் வேலை பார்க்கும் அட்டெண்டர் வழியாக வரத்தான் வாய்ப்பு அதிகம். காய்ச்சல் என்று சொன்னால் அன்றைய கூலி போய்விடும் என்றால் எந்த ஆயாவும் சொல்ல மாட்டார். சம்பளத்தோடு விடுப்பு, ஒரு மாடிக்கு ஒரே குழு, வேறிடத்தில் வேலை பார்ப்பவருக்கு அதை ஈடுகட்டும் தொகை. செலவுதான், ஆனால் கேட்டில் வெப்பமானி நீட்டுவதைவிடப் பலன் அதிகம்.

நெதர்லாந்தில் 2020 மார்ச் 20 முதல் இல்லங்களில் பார்வையாளருக்குத் தடை. மே 11 முதல் 26 இல்லங்களில் மட்டும், உள்ளூர் விதிகளோடு, ஒருவருக்கு ஒரு பார்வையாளர் என்று திறந்து பார்த்தார்கள். அந்த ஆய்வுக் காலத்தில் புதுத் தொற்று பதிவாகவில்லை. நோய் ஊரில் தணிந்திருந்த நேரம் அது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நீங்கள் இப்படித் தொடங்கலாம். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய இருவரின் பெயரைத் தாமே சொல்லட்டும். கட்டணம் கட்டுகிற மகன்தான் வர வேண்டும் என்பதில்லை. சந்திப்பு வராந்தாவிலோ மரத்தடியிலோ 45 நிமிடம். மழையென்றால் எதிரெதிர் ஜன்னல் திறந்த அறை, ஜன்னலில் காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன், ஏ.சி. கூடாது. கார்பன் டை ஆக்சைடு மீட்டர் (அறைக்காற்று தேங்குகிறதா என்று காட்டும் கருவி) இருந்தால் அளவை 800 பி.பி.எம்.முக்குக் கீழே வைத்திருங்கள். வருபவருக்கு வால்வு இல்லாத என்-95. கண்ணாடித் தடுப்பு வைத்து இரண்டு பக்கமும் கத்த விடாதீர்கள்: காது கேளாதவருக்கு அது சந்திப்பே இல்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்பவர் என்றால் திறந்த வெளியில் இரண்டு மீட்டர் தள்ளி நின்று முகக்கவசத்தை இறக்கிப் பேசலாம். கடைசி நாட்களில் இருப்பவருக்கு எந்தத் தடையும் வேண்டாம், பாதுகாப்பு உடை கொடுத்து உள்ளே விடுங்கள்.

சிக்கல் இரட்டை அறையில்தான். ஒருவர் "என்ன ஆனாலும் பேரனைப் பார்க்கணும்" என்பார், பக்கத்துக் கட்டில்காரர் நடுங்குவார். அங்கே ஒருவரின் விருப்பம் மற்றவரின் நுரையீரலில் போய் முடியும். இருவரையும் தனித்தனியே கேட்டு, ஒத்துப்போகிறவர்களை ஒரே அறைக்கு மாற்றுவதைத் தவிர நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி (தஞ்சாவூர்): மறதி நோய் உள்ள அப்பாவை என்னவென்று கேட்பது?

பதில்: டிமென்ஷியா என்று எழுதிவிட்டால் எல்லா முடிவும் கைவிட்டுப் போகிறது என்று அர்த்தமில்லை. தடுப்பூசி பற்றி முடிவெடுக்க முடியாதவர், யார் பார்க்க வர வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லலாம். சொன்னது புரிகிறதா, கொஞ்ச நேரம் நினைவில் நிற்கிறதா, நல்லது கெட்டதை ஒப்பிட முடிகிறதா, முடிவைத் தெரிவிக்க முடிகிறதா என்று ஒவ்வொரு விஷயத்துக்கும் தனியாகப் பாருங்கள். காலையில், கண்ணாடியும் காது மெஷினும் போட்டபின், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. வேறொரு நாள் அதையே கேளுங்கள். பதில் மாறவில்லையென்றால் நம்பலாம். முடியாத நிலை என்றால், நல்ல நினைவோடு இருந்தபோது அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசியுங்கள். உங்கள் பயம் அதில் கலக்கக்கூடாது. முகக்கவசத்தைப் பிடுங்கிப் போட்டால் மல்லுக்கட்ட வேண்டாம், பார்த்துக்கொள்பவர் போட்டால் போதும்.

கேள்வி (பெங்களூரு): எனக்கு நேர்மாறு. எல்லாம் முடிந்து எவ்வளவோ காலமாயிற்று. அம்மா, 74, இன்னமும் வாசற்படி தாண்ட மாட்டேன் என்கிறார்.

பதில்: நோய்ப் பயம் என்று மட்டும் நினைக்காதீர்கள், விழுந்துவிடுவோம் என்ற பயமாக இருக்கும். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வொன்றில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 15 வினாடிக்கு மேலானால் கால் பலம் குறைவு. அதே பயிற்சியைச் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு ஐந்து முறை செய்யட்டும். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம். இரண்டு இட்லியும் சட்னியும் அதற்குக் காணாது, சுண்டலோ முட்டையோ தயிரோ சேருங்கள். பி.பி. மாத்திரை சாப்பிடுபவர் என்றால் படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் அளவெடுங்கள். மேல் எண் 20 குறைந்தால் வெளியே கூட்டிப்போகும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (மதுரை): "எனக்கு வந்தா ஐ.சி.யு. வேண்டாம்" என்று அப்பா சொல்கிறார். வாய்ச்சொல் போதுமா?

பதில்: போதாது. வெளிநாட்டு மகன் விமானத்தில் வந்து இறங்கியதும் எல்லாம் மாறிவிடும். 2018இல் உச்ச நீதிமன்றம் முன்கூட்டிய மருத்துவ உயிலை, அதாவது தன்னால் சொல்ல முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்பே எழுதிவைப்பதை, ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும், மாஜிஸ்திரேட்டைத் தேட வேண்டாம். எது வேண்டாம் என்பதோடு எது வேண்டும் என்றும் எழுதச் சொல்லுங்கள்: ஆக்சிஜன் சரி, வென்டிலேட்டர் வேண்டாம் என்பது போல. "எதுவும் வேண்டாம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் வலி மருந்துகூடத் தடைபடலாம்.

கேள்வி (புதுச்சேரி): தனிமை முதியவர்களைத்தான் அதிகம் வாட்டியது என்பது உண்மையா?

பதில்: வீட்டில் இருந்தவர்களைப் பொறுத்தவரை, நினைத்த அளவு இல்லை. அமெரிக்காவில் 2020 ஜூனில் எடுத்த கணக்கெடுப்பில் பதற்றமோ மனச்சோர்வோ உள்ளவர்கள் 18–24 வயதில் 62.9 சதவீதம், 65க்கு மேல் 8.1 சதவீதம். ஆனால் இணையத்தில் படிவம் நிரப்பத் தெரிந்தவர்களின் கணக்கு இது. இல்லத்தில் அடைபட்டவர்கள் இதில் இல்லை. கொலராடோவின் கிரீலி ஊரில் 2020 அக்டோபரில் ஒரு இல்லத்து முதியவர்கள் சக்கர நாற்காலியோடு வாசலுக்கு வந்து, தனிமையைவிடக் கொரோனாவில் சாவதே மேல் என்று பலகை பிடித்தார்கள். சுவீடன் 2020 அக்டோபர் 22 அன்று 70 தாண்டியவர்களுக்கான தனி அறிவுரையை விலக்கியபோதும் தனிமையின் பாதிப்பைத்தான் காரணமாகச் சொன்னது.

கேள்வி (நாமக்கல்): முதியவர்களுக்குச் சலுகையாக வந்து, கட்டாயமாக மாறாத ஏற்பாடு ஒன்றாவது உண்டா?

பதில்: தபால் வாக்கு. 2021 சட்டமன்றத் தேர்தலில் 80 தாண்டியவர்கள் 12டி படிவம் கொடுத்தால் அதிகாரிகள் வீட்டுக்கே வந்து வாக்கு வாங்கினார்கள். வேண்டாம் என்றால் சாவடிக்குப் போகலாம். 2024இல் வயதை 85 ஆக உயர்த்திவிட்டார்கள். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் படிவம் கொடுக்க வேண்டும். வீட்டு வாக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு சாவடியில் போட முடியாது, அதனால் படிவத்தை நீட்டும் முன் பெரியவரைக் கேட்டுவிடுங்கள்.